வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு

கதவு எண் பதினேழின் உரிமையாளர் அவர்களுக்கு, அந்த வீட்டில் குடியிருக்கும் உங்கள் மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நானும் மகளும் நலம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? போன தடவை வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை, திறக்காத பாட்டிலுக்கு ஊர் ஊராகச் சுற்றிக் காட்டுகிறீர்களா? மகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. கணக்கு சுமார், மற்றதெல்லாம் பரவாயில்லை என்கிறாள். தையல் மிஷினுக்குப் புது பெல்ட் போட்டேன். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீங்கள் வந்து பார்ப்பதாகச் சொன்ன குழாய்தான்.

என்ன இவள், கடிதத்தை அதிகாரிக்கு எழுதுவதுபோல் ஆரம்பிக்கிறாளே என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. பதினோரு வருடமாக டேங்கர் லாரி ஓட்டுகிறவரின் மனைவி நான். எந்த மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காது, எங்கே நன்றாகக் கிடைக்கும் என்பது எனக்கே மனப்பாடம். அதனால்தான் காகிதம்.

பெட்ரோல் பங்க் விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். தெரிந்த கதைதானே என்று தாண்டிப் போக வேண்டாம். நான் போனில் சொன்னதையெல்லாம் நீங்கள் எந்தக் காதால் கேட்டீர்கள் என்று இப்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தெருக்கோடியில் ஏரிக்கரையை ஒட்டிய காலி மனையை ஒருவர் வாங்கியிருக்கிறார், பங்க் வைக்கப் போகிறார் என்று மூலை வீட்டு டீச்சர்தான் முதலில் வந்து சொன்னார். அந்த ஆளுக்கு நாங்கள் வெள்ளைச்சட்டை என்று பெயர் வைத்திருக்கிறோம். புழுதியில் நின்றாலும் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டாது. நம் கிணற்றடியிலிருந்து அந்த மனையின் வேலி வரைக்கும் நானே நடந்து பார்த்தேன், நாற்பத்திரண்டு எட்டு. ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் முதலில் வந்து நிற்பதும் அங்கேதான். மூன்று வருடத்துக்கு முன் முழங்கால் தண்ணீரில், மகளின் பள்ளிக்கூடப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் நடந்தது நினைவிருக்கிறதா? அந்தப் பள்ளத்தில்தான் பெட்ரோல் தொட்டியைப் புதைக்கப் போகிறார்கள். இடம் பார்க்க வந்த அதிகாரி நல்ல வெயில் காலத்தில் வந்தார். மண் வெடித்துக் கிடந்ததை நாலு படம் எடுத்துக்கொண்டு, தண்ணீர் தேங்காத இடம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு இதில் பயத்தை ஊட்டியதே நீங்கள்தான். எங்கேயோ ஒரு பங்கில் நிலத்தடித் தொட்டி கசிந்து, மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல், கடைசியில் அந்தத் தெருவே தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்ததை நீங்கள்தான் சொன்னீர்கள். வாளியில் இறைத்த தண்ணீரின் மேல் பல நிறத்தில் படலம் மிதந்ததாம். 'ஒரு தடவ மண்ணுல எறங்கிடுச்சுன்னா அத எந்த மகராசனாலயும் திரும்ப எடுக்க முடியாது' என்று சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள். பெட்ரோல் வாடை அடிக்கும் வேலைச் சட்டையோடு ஒரு நாளும் அடுப்படிப் பக்கம் வராத மனுஷன் நீங்கள். உங்கள் வாயிலிருந்து வந்ததை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அந்த வேதவாக்கை நம்பித்தான் டீச்சரும் நானும் மனுவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். பதினொரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள் போவோம். எனக்கு மிஷின் ஓய்ந்திருக்கும், மற்றவர்களுக்கும் சமையல் முடிந்திருக்கும். பன்னிரண்டு நாளில் முப்பத்தெட்டுக் கையெழுத்து. அத்தனையும் பெண்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது அவர்கள்தானே. பள்ளிக்கூடம் போகாத ஏரிக்கரை மீன்காரம்மாகூட ரேகை வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, மகளிடம் கேட்டுக் கேட்டுத் தன் பெயரைத் தானே எழுதினார். கால் மணி நேரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் இதையெல்லாம் உங்களிடம் ஒப்பித்தேன். நீங்களும் எத்தனை ஆச்சு, எத்தனை ஆச்சு என்று கேட்டீர்கள். முப்பத்தெட்டு என்றதும் 'பரவால்லயே, கெட்டிக்காரிதான்' என்றீர்கள். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நகராட்சியில் விசாரணை. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு பதினைந்து பேர் போனோம். மாடியில் நீளமான அறை. நாற்காலி பாதிக்குக் கால் ஆடுகிறது. முன்வரிசையில் வெள்ளைச்சட்டை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

அதிகாரியின் பக்கத்தில் இருந்த குமாஸ்தா எங்கள் மனுவைப் பிரித்தார். கூடவே வீட்டு வரிப் பதிவேட்டையும் திறந்து வைத்துக்கொண்டார். கதவு எண்ணைப் பார்ப்பார், பெயரைப் பார்ப்பார், சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார். அடுத்த எண், அடுத்த கோடு. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் டீச்சர் எழுந்து கேட்டதற்கு, வீட்டு வரி யார் பேரில் வருகிறதோ அவர்களுடைய ஆட்சேபணைதான் செல்லும், இதில் இருப்பவர்கள் யாருமே உரிமையாளர் இல்லை என்றார். டீச்சரின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. வரி இன்னும் அவர் பேரில்தான் வருகிறது. டீச்சருக்கும் கோடு.

முப்பத்தெட்டுக் கோடு. மீன்காரம்மா கால் மணி நேரம் எழுதிய பெயரின் மேல் ஒரு வினாடியில் இழுத்தாகிவிட்டது.

நம் வீட்டுச் சுவர் எழும்பியபோது இருபத்தொரு நாள் ஏரியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியவள் நான். தூக்கித் தூக்கி இடுப்பில் தோல் உரிந்தது. அந்த வீட்டைப் பற்றிப் பேச எனக்கு வாய் கிடையாதாம். கோபம் தலைக்கேறிவிட்டது. எழுந்து நின்று, சரி ஐயா, நாங்கள் இல்லை, உரிமையாளரையே கேளுங்கள், என் வீட்டுக்காரர் பதினோரு வருடமாக டேங்கர் ஓட்டுகிறார், இந்தத் தொட்டி கசிந்தால் என்ன ஆகும் என்று அவரைவிட இங்கே யாருக்கும் தெரியாது, அவர் சொல்லித்தான் நான் வந்திருக்கிறேன் என்று கத்தினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கென்றே சொன்னதுபோல் ஆகிவிட்டது.

குமாஸ்தா கதவு எண் என்ன என்று கேட்டார். பதினேழு என்றேன். கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். நம் தெருவிலிருந்து உரிமையாளர் என்று ஒருவர் எழுதியது அது ஒன்றுதானாம். சத்தமாகப் படித்தார். பெட்ரோல் ஏற்றி இறக்கும் வேலையில் நீண்ட அனுபவம் உள்ளவன் என்ற முறையில் கூறுகிறேன், முறையாக அமைத்தால் ஆபத்து எதுவும் இல்லை, என் வீட்டருகே பங்க் அமைவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கீழே உங்கள் கையெழுத்து.

எட்டிப் பார்த்தேன். தேதியும் இருந்தது. நான் முதல் கையெழுத்து வாங்குவதற்கு நாலு நாள் முந்தி.

வெள்ளைச்சட்டை என் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, 'வீட்ல பேசிக்கிட்டு வந்திருக்கலாமேம்மா' என்றான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போகும்போது பதினைந்து பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். வரும்போது டீச்சர் மட்டும் என்னோடு வந்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று எதிர்வீட்டுக்காரி என் காதில் விழுகிற மாதிரியே சொல்லிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் ஒரு ரவிக்கைத் துணிகூட என்னிடம் தைக்க வரவில்லை. கொடுத்து வைத்த அளவு ரவிக்கையைத் திரும்பக் கொடுங்கள் என்று இரண்டு பேர் ஆள் அனுப்பினார்கள். மீன்காரம்மா மட்டும் வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாசலில் நின்றபடியே, அப்படியானால் பெயர் எழுதக் கற்றுக்கொண்டது வீணா என்று கேட்டுவிட்டுப் போனார்.

விசாரணை நடந்த அன்று சாயங்காலமே உங்களிடம் போனில் கேட்டேன். வெள்ளைச்சட்டை டிப்போவுக்கே தேடி வந்தான், பங்க் வந்தால் மேலாளர் வேலை உங்களுக்குத்தான் என்றான், 'உனக்காகவும் பிள்ளைக்காகவுந்தான் ஒத்துக்கிட்டேன்' என்றீர்கள். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைதோறும் எதற்காக எண்ணிக்கை கேட்டீர்கள் என்றேன். சிக்னல் போய்விட்டது.

நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். முதுகு ஒடிய ஓட்டிக்கொண்டிருக்கிற மனுஷனிடம் வீட்டுக்குப் போகலாம் என்று ஒருத்தன் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த அறையில் நான் உங்கள் பெயரைச் சொல்லி எழுந்து நின்றிருக்க மாட்டேன். என்னை வீதியில் நிறுத்திவிட்டு நீங்கள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

இப்போது நிலவரம் இதுதான். உரிமையாளர்கள் ஆட்சேபணை தர இருபதாம் தேதி வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். டீச்சர் எல்லா வீட்டு ஆண்களிடமும் போய்க் கேட்டுவிட்டார். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. டேங்கர்காரரே சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார், அவருக்குத் தெரியாததா என்கிறார்கள். உங்கள் கடிதம் அந்தக் கோப்பில் இருக்கும்வரை இந்தத் தெருவில் இன்னொரு கடிதம் எழுதப்படாது. அதனால் முன்பு தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், பங்க் அமைவதை ஆட்சேபிக்கிறேன் என்று டீச்சர் தன் கையால் எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மகளின் மதிப்பெண் அட்டையில் இத்தனை வருடமாக உங்கள் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருப்பது நான்தான் என்று டீச்சருக்குத் தெரியும். நேற்று வந்து, நீங்களே போட்டுவிடுங்கள், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் போன பிறகு, துணிக்கு அளவு வெட்டும் பழுப்புத் தாளில் போட்டுப் பார்த்தேன். முதல் தடவையிலேயே அச்சாக வந்தது. கடைசி எழுத்துக்குக் கீழே நீங்கள் இழுக்கிற வால்கூட அப்படியே வந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன். தப்பு என்பதற்காக இல்லை. அப்படிப் போட்டால் ஏரி தப்பிக்கும், ஆனால் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று சாகிற வரைக்கும் எனக்குத் தெரியாமலே போய்விடும்.

பங்க் வந்தால் நீங்கள் காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வருவீர்கள். இந்தப் பதினோரு வருடத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை, வேண்டியதெல்லாம் இது ஒன்றைத்தான். காய்ச்சலில் கிடந்தபோதும் கேட்டேன், மகள் பெரியவளான அன்றும் கேட்டேன். இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அந்த வேலை உங்களுக்கு இல்லை. அந்த மலைப்பாதையில் இன்னும் எத்தனை வருடம் ஓட்டுவீர்களோ தெரியாது. தெரிந்துதான் அனுப்புகிறேன். நீங்கள் வர வேண்டாம் என்று உங்களிடம் கேட்கிறேன். இதைக் கேட்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

பதில் எழுத நேரமில்லாவிட்டால் பரவாயில்லை, கையெழுத்து மட்டும் இருபதாம் தேதிக்குள் வந்தால் போதும். வெறும் வயிற்றில் வண்டி எடுக்காதீர்கள். இறக்கத்தில் நிதானமாகப் போங்கள். எங்கே இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி