ஐந்து கிராமுக்குக் கீழே

மார்ச் 4
இன்று ஆய்வகத்தில் நாற்பத்தோரு எலிக்குட்டிகள். பிறந்ததும் தராசில் போட வேண்டும். ஐந்து கிராமுக்குக் கீழே என்றால் வயிற்றிலேயே வளர்ச்சி குன்றியது, கீழ்த்தட்டு. மற்றவை மேல்தட்டு. ஒரு வாரம் கழித்து இரண்டு தட்டுக் குட்டிகளின் மூளையிலும் தூக்கத்தையும் மனநிலையையும் ஆளும் செரோட்டோனினை அளப்போம். குன்றியதற்கு எப்போதும் கூடுதலாகத்தான் வரும். ஏழு மாத வயிற்றோடு குனிந்து நிமிர்வதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. பேராசிரியருக்கு அதெல்லாம் கண்ணில் படாது.

மார்ச் 6
ஸ்கேன். டாக்டரம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "குழந்தை வளர்ச்சில நாலு வாரம் பின்தங்கியிருக்கும்மா. நஞ்சுக்கொடியில ரத்த ஓட்டம் கம்மி."
கணவர், "சின்னதாப் பொறந்தா என்ன, அப்புறம் வளந்துட்டுப் போகுது" என்றார். பாவம், பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு என்ன தெரியும்?

மார்ச் 7
எழுதவே கூசுகிறது. இன்று பிறந்த குட்டி ஒன்று, தராசில் 4.6. கை 5.6 என்று எழுதியது. கை எழுதியதாமே! நான்தான் எழுதினேன். ஒன்றல்ல, பதினாறு. அதுங்களக் கீழ்த்தட்டுல போட மனசு வரல. வரவே இல்ல.

மார்ச் 19
இரண்டு தட்டுக்கும் வித்தியாசமே இல்லை! பேராசிரியர் தாளை முன்னும் பின்னும் திருப்பினார். நான் வீட்டுக்கு ஓடிவந்து, "சின்னதாப் பொறந்த எலிக்கும் மூளையில ஒண்ணும் மாறலங்க, டெஸ்ட்ல வந்துடுச்சு" என்றேன். வெளியே காட்டாமல் இரண்டு வாரமாக அரைவயிறாக இருந்தவர் இன்று வயிறாரச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். நானுமா நம்பினேன்?

மார்ச் 20
நம்பினேன்.

மார்ச் 26
பழைய முடிவுகளெல்லாம் தப்பு என்று பேராசிரியர் எழுதப் போகிறாராம். தாங்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏம்மா, தராசை ஏமாத்தலாம். மூளையை ஏமாத்த முடியுமா?"
நாளை முதல் வரவேண்டாம் என்றார். அறுபது குட்டிகளைக் கொன்றுதான் மூளையை எடுத்தோம். அத்தனையும் வீண்.
கணவரிடம் 'பிரசவ லீவு' என்று பூசி மெழுகினேன்.

மே 2
பெண். ஆயிரத்து அறுநூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். மூச்சு விடுகிறாள்.

மே 15
சிறிதாகப் பிறந்த குழந்தைகளைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு. மூளை எதைக்கொண்டு செரோட்டோனினைச் செய்துகொள்கிறதோ, அந்தச் சத்தை ரத்தத்தில் அளப்பார்கள். சம்மதம் கேட்டார்கள்.
"உன் எலிக்குத்தான் ஒண்ணுமில்லன்னு வந்துச்சே, இது எதுக்கு?" என்றார் கணவர்.
கையெழுத்துப் போட்டேன்.

மே 29
முடிவு வந்தது. கணவர் மகளைத் தோளில் சாய்த்தபடியே தாளை நீட்டினார். "நீ பாத்துச் சொல்லு. நல்லாத்தானே இருக்கு?"
எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.
"கூடுதலா இருக்குங்க. எலிக்கும் கூடுதலாத்தான் வரும். நான்தான் எடையை மாத்தி எழுதினேன். வேலை போனதே அதனாலதான். உங்ககிட்ட பொய் சொன்னேன்."
அவர் மகளின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப இவளுக்கு என்ன ஆகும்?"
"தூக்கம், பயம், மனசு... எதுல காட்டும்னு தெரியாதுங்க. காட்டாமலே போகலாம். வளர வளரத்தான் பாக்கணும்."
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகள் பசித்து அழுதாள். கையை நீட்டினேன். அவர் உடனே தரவில்லை.