மீன் எண்ணெய் பூசிய சக்கரங்கள்

இன்று காலை கதவைத் திறந்ததும் மீன் எண்ணெய் காயும் வாசனை முகத்தில் அடித்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த வாசனை நமக்குப் புதிதில்லை. இன்னும் மரப் படகு, நம் பேச்சில் போட்டு, வைத்திருக்கிற நாலு பேர், கரையேற்றி, காயவைத்து, எண்ணெய் பூசத்தான் செய்கிறார்கள். ஆனால் இது கரைப் பக்கமிருந்து வரவில்லை, நம் வாசலிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். நம் பிள்ளை பாலு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காய் நாரை எண்ணெயில் தோய்த்து, வண்டியின் முன் சக்கரத்துக்குத் தேய்த்துக்கொண்டிருந்தான். குனிந்திருந்த முதுகு அப்படியே உன் முதுகு.

நாளை மறுநாள் விடிந்ததும் கிளம்புகிறார்கள். பாலு, மருமகள், நீ பார்க்காமலே போன பேத்தி யாழினி. கடலூர், சிதம்பரம், வேளாங்கண்ணி, அப்படியே கரையோரமாகவே கன்னியாகுமரி வரை. நீ போட்ட வழி, நீ ஓட்டிய வண்டி. யாழினி இப்போதே மேல் படுக்கை தனக்குத்தான் என்று ஒரு பொம்மையைக் கொண்டுபோய் படுக்கவைத்துவிட்டாள்.

உனக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதினால் சண்டைதான் வரும், தெரியும். செத்தும் நிம்மதியில்லையா என்பாய். இல்லை, இன்றைக்கு உனக்கு நிம்மதி கிடையாது.

நீ கடலை விட்ட வருஷம் ஞாபகமிருக்கிறது. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்தவன், வலை இழுக்கிற கயிறு அறுந்து இடுப்பில் அடித்ததும் வீட்டோடு கிடந்தாய். படுத்துக் கிடந்த மனிதன் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் செய்த முதல் காரியம், மணலிப் பக்கம் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிய ஒரு பழைய வேனைப் பிடித்து வந்ததுதான். சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு மேடை, ஒரு தண்ணீர்த் தொட்டி என்று நீயே தச்சனாகவும் கொல்லனாகவும் ஆனாய். நாலு சக்கரத்துக்கும் புது டயர் போட்டாய். மாற்றுச் சக்கரத்துக்கும் புதிதே வாங்கினாய். குப்பமே சிரித்தது. “கடல்ல போட்டு ஓட்டினவன், இப்போ ரோட்ல வூடு ஓட்டப் போறான்” என்று உன் கூட்டாளிகள் நக்கல் அடித்தார்கள். நீ கண்டுகொள்ளவில்லை.

“டீச்சரம்மா, உனக்கு லீவு, போட்டுக்கு லீவு. கெளம்பு மே” என்றாய். நான் பால்வாடி டீச்சர். அதற்கே எனக்கு அந்தப் பட்டம். மற்றபடி நீ என்னைக் கூப்பிடுவது ‘மே’ என்றுதான். வருஷா வருஷம் தடைக்காலம் வந்தால் நாம் ரோட்டில் இருந்தோம். நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் நிறுத்தி, அங்கே கட்டியிருந்த படகுகளுக்கெல்லாம் நீ குறை சொல்ல, நான் வண்டிக்குள் கருவாட்டுக் குழம்பு வைத்திருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தோம். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், பின்னால் சொல்லப்போவது கசப்பு.

நீ அந்த வண்டியை வண்டியாகப் பார்க்கவே இல்லை. போட்டாகவே பார்த்தாய். மீன் எண்ணெயில் குங்கிலியப் பிசினைப் போட்டுக் காய்ச்சி, சிநேகிதர்களின் போட்டுக்குப் பூசிவிட்டு, மிச்சத்தைக் கொண்டுவந்து டயர்களுக்குத் தேய்ப்பாய். மாற்றுச் சக்கரத்தைக்கூட விடமாட்டாய். “போட்டுக்கு அடிமரம், வண்டிக்கு டயரு. எண்ண வெச்சா உப்பு ஏறாது மே, வெடிப்பு வுடாது.” தேய்த்து முடித்தால் டயர்கள் கல்யாண மாப்பிள்ளையின் செருப்பு போலப் பளபளக்கும். கை முழுக்கக் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று நாம் இருவரும் யோசித்ததில்லை.

போகிற ஊரிலெல்லாம் நாய்கள் வந்து சக்கரத்தை நக்கும். அதற்கு நீ அடிக்காத கேலி இல்லை. வெயில் ஏறி, வண்டி நாலைந்து ஊர் தாண்டிவிட்டால் வறுத்த மீன் வாசனை உள்ளே வரும். “பசியக் கிளப்புது பாரு” என்று சிரிப்பாய். நானும் சிரித்தேன். டயர் கொதிக்கிறது என்பதை நமக்குச் சொல்ல அதற்கு வேறு வாய் கிடையாது.

ஒன்று மட்டும் இப்போது நினைத்தால் ஆத்திரம் வருகிறது. ஐஸ் பெட்டி ஒரு பக்கமாக இருந்தால் போட்டையே நிறுத்திவைத்துக் கத்துகிற மனிதன் நீ. அப்படிப்பட்டவன் தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, சிலிண்டர் எல்லாவற்றையும் வலது பக்கமே, உன் முதுகுக்குப் பின்னாலேயே வைத்தாய். டயரில் காற்றையும் குறைத்தே வைப்பாய், மெத்தென்று போகும் என்று. கடலில் உனக்கு இருந்த அறிவு கரையேறியதும் எங்கே போயிற்று?

அந்தக் கடைசிப் பயணத்தில் சிதம்பரத்தில் சாப்பிட்டோம். நீ இரண்டாவது தடவை மோர் வாங்கிக் குடித்தாய். வெளியே வந்தபோது ஒரு செவலை நாய் முன் சக்கரத்தை நக்கிக்கொண்டிருந்தது. நீ அதைத் துரத்தக்கூட இல்லை. ஊரைத் தாண்டி, வயல் நடுவே ரோடு நேராகப் போகிற இடம். வெயிலில் தார் மினுங்கியது. எதிரே ஒரு வண்டி இல்லை. பட்டென்று ஒரு சத்தம். வண்டி வலது பக்கமாக ரோட்டைக் குறுக்கே கடந்து மதகுச் சுவரில் போய் மோதியது. உன் பக்கம் நசுங்கியது. எனக்குத் தோள் எலும்பு முறிந்ததோடு சரி.

வந்து கூடியவர்கள் கேட்ட முதல் கேள்வி, “சாப்ட்டுட்டு ஓட்னாரா?” என்பதுதான். ஆமாம் என்றேன். அத்தோடு முடிந்தது. சாப்பிட்ட மனிதன், மத்தியானம், நேர் ரோடு, எதிர் வண்டி இல்லாமல் வலது பக்கம் போய் மோதியிருக்கிறான். தூங்கிவிட்டான். டயர் வெடித்தது என்று நான் சொன்னேன். மோதியதில் கிழிந்தது என்றார்கள். மற்ற சக்கரங்களைக் காட்டி, “புது டயரும்மா, மேல பட்டன் தேயவே இல்ல பாருங்க” என்றார்கள். டயரின் மேலிருக்கிற ரப்பர்க் கட்டங்கள் தேயவில்லைதான். வருஷத்தில் ஒரு மாசம் ஓடி, மிச்ச நாளெல்லாம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்ற வண்டிக்கு எப்படித் தேயும்?

பாலு கொள்ளி வைத்துவிட்டு வந்து என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினான். “உன்ன பக்கத்துல வெச்சிக்கினு எப்டிம்மா தூங்குவாரு?” என்றான். தூங்கவில்லை என்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டான். அதற்குப் பிறகு உன் படத்துக்கு மாலை வாங்கிவருவானே தவிர, உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்த வண்டியை மட்டும் விடவில்லை. அவன் படகு எஞ்சின் மெக்கானிக். திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் போட்டு, நசுங்கிய முன்பக்கத்தை மாற்றி, எஞ்சினை இறக்கி ஏற்றி, போன மாசம் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். எல்லாம் மாற்றியவன் டயரை மாற்றவில்லை. கிழிந்துபோன இடத்தில் நீ வாங்கிவைத்த அந்த மாற்றுச் சக்கரத்தையே மாட்டியிருந்தான். மற்ற மூன்றும் அன்று நம்மோடு வந்தவை. உள்ளே போய்ப் பார்த்தேன், தண்ணீர்த் தொட்டியும் அதே பக்கத்தில் இருந்தது.

“கூட ஒரு பிரெண்டையும் இட்டுக்கினு போறேம்மா. மாத்தி மாத்தி ஓட்டுவோம். நான் நைனா மாரி தூங்க மாட்டேன்” என்றான் காலையில், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே. தெருநாய் ஒன்று வந்து பின் சக்கரத்தை முகர்ந்தது. நான் அதை விரட்டினேன். காற்றையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று அடம்பிடித்து நானும் வண்டியில் ஏறினேன். நீ போனபின் அதில் ஏறியது இதுதான் முதல்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு டயர் பார்க்கிற பாய் கடை. வரிசையாக லாரிகள் துறைமுகத்தை நோக்கி நின்றன. ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் வெடித்த டயரின் கறுப்புத் தோல் கிடந்தது. பாய் குனிந்து மூக்கைச் சுளித்தார்.

“இன்னாப்பா இது, டயர்ல மீன் கொயம்பு வெச்சிக்கீறியா?”

“எங்க நைனா பயக்கம் பாய். எண்ண வெச்சா வெடிப்பு வுடாது” என்றான் பாலு. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அத்தனை நாளில் அவன் உன்னைப் பற்றிப் பேசிய முதல் நல்ல வார்த்தை அது.

பாய் சோப்புத் தண்ணீர் ஊற்றித் துணியால் பக்கவாட்டை அழுத்தித் துடைத்தார். பளபளப்பு போனதும் அடியிலிருந்தது தெரிந்தது. என் குதிகாலில் இருக்கிற பித்தவெடிப்பு மாதிரி, வட்டம் முழுக்கக் கோடு கோடாக வெடித்திருந்தது. ஒரு கோட்டில் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் உள்ளே போயிற்று.

“மேல பட்டன் பாத்து ஏமாந்துட்டீங்க. டயரு ஓடலன்னாலும் வயசாவும். தோ, பக்கத்துல நாலு நம்பர் கீதே, எந்த வருசம் செஞ்சதுன்னு அதுல போட்ருக்கும். அத்தப் பாக்காம பட்டனப் பாக்கறீங்க. எண்ண வேற வெச்சா ரப்பரு ஊறிப் பூடும். வெடிப்பத் தடுக்காது, மறைக்கும்.” எழுந்து வண்டியைச் சுற்றிவந்தவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “வெயிட்டெல்லாம் ஒரே பக்கமா? காத்தும் கம்மி? காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயரு சில்லுன்னு இருக்கசொல்லோ காத்து பாக்கணும். இதுல கொயந்தய ஏத்திக்கினு எங்க கெளம்பினீங்க?” என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் புரிந்துவிட்டது. மறு நிமிஷமே வாயை மூடிக்கொள்ளலாமா என்றும் தோன்றியது. டயரை மாற்றிவிட்டால் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை. அதற்கு மேல் பேசினால், இதுவரை தூங்கிச் செத்தவனாக இருந்த நீ, உன் கையாலேயே எண்ணெய் பூசிப் பூசிச் செத்தவனாக ஆகிவிடுவாய். அன்பினால் செய்தாயே, அதுதான் உன்னைக் கொன்றது என்று உன் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? ஆனால் அடுத்த தடைக்காலம் வரும். புது டயருக்கும் அவன் எண்ணெய் காய்ச்சுவான். ஒரு நாள் நான் இருக்கமாட்டேன், யாழினி இருப்பாள்.

“பாய், முன் டயரு ஓடும்போது வெடிச்சா இன்னா ஆவும்?” என்று கேட்டேன்.

“எந்தப் பக்கம் வெடிக்குதோ அந்தப் பக்கம் இஸ்துக்கினு பூடும். அதுல பதறிப்போயி பிரேக்கு வேற மிதிச்சா, ஸ்டேரிங் நம்ம பேச்சக் கேக்காது.”

பாலு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“வலது பக்கம்டா. நைனா கையால பூசின டயருதான். அது வெடிச்சிதான் வண்டி போச்சி” என்றேன். சொல்லிவிட்டு அவன் கோபத்துக்குக் காத்திருந்தேன்.

அவன் கோபப்படவில்லை. ரொம்பச் சின்னக் குரலில், “அப்போ நைனா தூங்கலியா?” என்றான்.

இல்லடா என்றேன். அந்த வளர்ந்த பிள்ளை, தாடி வைத்த பிள்ளை, கழற்றிப் போட்ட டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். பாய் டீ வாங்க ஆளனுப்பினார். நீ செய்த தப்பைச் சொன்னால் உன்மேல் இருந்த மரியாதை போய்விடும் என்று பயந்தேன். அவன் இத்தனை நாளும் சுமந்ததே வேறு என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அப்பா அசட்டையாக இருந்தார் என்பதைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் செய்ததை அவன் அங்கேயே, டீ ஆறுவதற்குள் மன்னித்துவிட்டான்.

மாற்றுச் சக்கரத்தையும் சேர்த்து ஐந்து சக்கரத்துக்கும் வேறு டயர் போட்டாயிற்று. பழையதைப் படகுக்காரர்கள் கேட்பார்கள், பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட என்றார் பாய். வேண்டாம், அறுத்துப் போடுங்கள் என்றேன். அவர் பெரிய கத்தியை எடுத்து அறுக்கும்போது உள்ளே ரப்பர் பாசி மாதிரி பிசுபிசுவென்று இருந்தது. இதன்மேலா அத்தனை ஊர் போனோம்? சாயங்காலம் பாலு தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி நடுவில் மாற்றினான். இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனாலும் என் பயம் போகவில்லை. வெயில் அதே வெயில், ரோடு அதே ரோடு, சிதம்பரம் தாண்டி அந்த மதகு அங்கேயேதான் இருக்கும்.

“நீயும் வா ம்மா” என்றான் பாலு. வருகிறேன் என்றேன். முன்னால், இடது சீட்டில். டீ குடிக்க நிறுத்துகிற இடத்திலெல்லாம் இறங்கி சூடு ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு டயரையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன், கேலி செய்கிறவர்கள் செய்யட்டும்.

வண்டி இழுத்துக்கொண்டு போன அந்த நொடியில் நீ சொன்னதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார்கள். இன்று பாலுவிடம் சொன்னேன். ஸ்டியரிங்கோடு இரண்டு கையாலும் மல்லாடிக்கொண்டே நீ என் பக்கம் திரும்பினாய். “புடிச்சிக்க மே” என்றாய். அத்தனை பெரிதாக உன் கண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தக் கண்தான் இத்தனை காலமும் என்னிடம் இருக்கிறது. மதகைத் தாண்டும்போது நானும் கண்ணை மூடமாட்டேன்.