ஒருவருக்கு மட்டும் டீத்தூள்

அண்ணா,

சாயங்கால வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். சாவி செருப்பு அலமாரிக்குள் இருக்கிறது. உன் நண்பர்கள் நாலு பேரும் இன்றும் டீ குடிக்க வருகிறார்கள் என்று அம்மா சொன்னாள். பால் காய்ச்சி வைத்திருக்கிறேன், சர்க்கரையும் டப்பா நிறைய இருக்கிறது. டீத்தூள் மட்டும் ஒருவருக்குத்தான் வரும்.

நேற்று அவர்கள் முன்னால் என் வேதியியல் புத்தகத்தைப் பிடுங்கி, "வினைக்கட்டுப்பாட்டுக் காரணியாம்டா! இதப் படிச்சு இவ என்னத்தக் கிழிக்கப் போறா?" என்று கேட்டாயே, இதைத்தான் கிழித்தேன். எந்தப் பொருள் முதலில் தீர்கிறதோ, அதோடு வினை நின்றுவிடும். மற்றவை எவ்வளவு இருந்தாலும் சும்மா மீந்து கிடக்கும். நாலு பேருக்கும் நீயே விளக்கிச் சொல்.

பி.கு.: தூள் ஒன்றரை ஆளுக்கு வந்துவிடுமோ என்று சந்தேகமாக இருந்தது. மறுபடி அளந்து, அரைக் கரண்டி எடுத்துவிட்டேன்.

தெருமுனைக் கடை இன்று பூட்டியிருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

மிச்சத் தூள் என் பையில் இருக்கிறது. வகுப்பு வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்டால் தருவேன். தனியாக வந்து கேட்டால் செல்லாது. நேற்று நாலு பேரும்தான் சிரித்தார்கள்.