முதல் முடி

மேல் முகாம், வீடு எண் 14
சான் கிரிஸ்பின் சுரங்கம்
6 மார்ச் 1966

என் உயிர்த் தோழி கசில்டாவுக்கு,

நானும் லீனோவும் சுகம். நீயும் நிகானோர் அண்ணனும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

சிரிக்காதே. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் உன் வீட்டுத் தகரக் கூரை தெரிகிறது, நடந்தால் அரை மணி நேரம், இதற்கு ஒரு கடிதமா என்று கேட்பாய். வேறு என்ன செய்ய? மேலே வர உன்னிடம் நுழைவுச் சீட்டு இல்லை. கீழே வர எனக்கு உத்தரவு இல்லை. "ஃபோர்மேன் பொண்டாட்டி குழாயடியில நின்னு ஊர்வம்பு பேசினா எனக்குத்தான் அசிங்கம்" என்று எவாரிஸ்தோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரொட்டிக்காரி தோமாசாதான் தினமும் கூடையோடு மேலே வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். தொழிற்சங்கத்துப் பள்ளியில் நாம் இரண்டு பேரும் அடித்துப் பிடித்து எழுதக் கற்றது இதற்குத்தான் போலிருக்கிறது.

வீடு பெரிய வீடு. தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வருகிறது, வெந்நீர்கூட. முதல் நாள் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக லீனோவும் நானும் ஒரே கும்மாளம். இரண்டாம் நாளே பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் போயிற்று. பத்து வருஷம் வாளியோடு வரிசையில் நின்று சலித்துக்கொண்டவள் நான். இப்போது அந்த வரிசைக்கு மனசு ஏங்குகிறது என்றால் நம்புவாயா? அடுப்படியில் கினிப் பன்றி வளர்ப்பது இங்கே மரியாதை இல்லையாம், எல்லாவற்றையும் விற்றுவிட்டார். அந்தக் கீச்கீச் சத்தம் இல்லாமல் சமைக்கவே பிடிக்கவில்லை.

லீனோவின் முடி தோளைத் தாண்டிவிட்டது. ஆகஸ்ட் பதினைந்தில் அவனுக்கு மூன்று வயது. அவன் பிறந்தபோது கையில் ஏந்தியவள் நீ. முதல் முடி வெட்டுவது உன் கையால்தான் என்று அன்றைக்கே சொன்னேன், அதில் மாற்றமில்லை. அதுவரை கத்தரி அவன் தலைப் பக்கம் போகாது.

உன் அன்புள்ள,
லிந்தா


மூன்றாம் வரிசை, கீழ் முகாம்
20 மார்ச் 1966

மேல் முகாம் மகாராணிக்கு,

கும்பிடு போட்டுக்கொண்டேன். வெந்நீரில் குளித்துக் குளித்து உன் தோல் உரிந்துவிடப் போகிறது, பார்த்துக்கொள்.

போன ஞாயிறு உன்னைப் பார்க்கத்தான் கிளம்பி வந்தேன். வாசல் காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தான். "துணி துவைக்க வந்தியா? அப்ப பின்வாசல்." "இல்லைய்யா, சிநேகிதியப் பார்க்க." "சிநேகிதியா! எந்த வீட்டு அம்மாவுக்கு நீ சிநேகிதி?" என்று பக்கத்திலிருந்தவனைப் பார்த்துக் கண்ணடித்தான். உன் பேரைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் நாளைக்கு உன்னைப் பார்த்தும் இப்படித்தான் கண்ணடிப்பான். வேண்டாமென்று திரும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்ததில் களைப்பே தெரியவில்லை.

ஒன்று சொல்லட்டுமா, கோபப்படாதே. உன் வீட்டுக்காரர் ஃபோர்மேனாகி வெள்ளைத் தொப்பி போட்டதிலிருந்து ஆளே வேறு. பதினோரு வருஷம் நிகானோரும் அவரும் ஒரே துளைக்கருவியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தவர்கள். நேற்று சுரங்க வாயிலில் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லையாம். "முந்நூத்தி நாப்பது, இங்க வா" என்று அடையாள வில்லை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாராம். இவர் வீட்டுக்கு வந்து சூப்பைக்கூடத் தொடவில்லை.

அது ஆம்பிளைகள் பாடு, விடு. பையனுக்குக் கொடுக்க ஒரு பெட்டை ஆட்டுக்குட்டி வாங்கியிருக்கிறேன். ஞானத்தாய் வெறுங்கையோடு வந்தாள் என்று யாரும் சொல்லக் கூடாது, தெரிந்ததா?

உன்
கசி


மேல் முகாம்
22 மே 1966

அன்புள்ள கசி,

காவலாளி செய்ததைப் படித்துவிட்டு அழுதேன். என் பேரை நீ சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கவே வேண்டும்.

இங்கே வியாழக்கிழமைதோறும் சூப்பிரண்டு வீட்டில் தேநீர். அவர் மனைவி எல்வீரா அம்மாள் தலைநகர் லீமாவிலிருந்து வந்தவள். கெட்டவள் இல்லை, சிரித்துத்தான் பேசுகிறாள். ஆனால் நான் வாயைத் திறந்தால் எல்லோரும் என் உதட்டையே பார்க்கிறார்கள். போன வாரம் லீனோவின் இரண்டு சடையையும் பார்த்துவிட்டு ஒருத்தி, "அடடா, பொண்ணு எவ்வளவு லட்சணம்!" என்றாள். பையன் என்றதும் ஒரே சிரிப்பு. "அப்ப ஏன் இந்தக் கோலம்?" என்றார்கள். கசி, உன்னிடம் எதை மறைத்திருக்கிறேன்? நம் வழக்கத்தைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. மாதாவுக்கு நேர்ச்சை என்று சொல்லிவிட்டேன்.

அன்று மனசு கேட்காமல், அவர் வேலையில் இருக்கும்போது கீழே இறங்கி வந்தேன். நீ ஆட்டை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போயிருந்தாய். குழாயடியில் பசீலியாவும் மற்றவர்களும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கப்சிப். "என்னடி பேசிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க, தண்ணி வரல, அதான்" என்றாள் பசீலியா. என்னைப் பார்த்து 'ங்க' என்கிறாள், கசி! அவள் தலையில் நான் எத்தனை முறை பேன் பார்த்திருக்கிறேன்! சங்கத்துப் பேச்சு நடந்திருக்கும், நான் போய் அவரிடம் சொல்லிவிடுவேன் என்று பயந்திருக்கிறார்கள்.

எவாரிஸ்தோவும் சந்தோஷமாக இல்லை. மேலே இருப்பவர்கள் அவரைச் சீட்டாட்டத்துக்குச் சேர்ப்பதில்லை, கீழே இருப்பவர்கள் பேசுவதில்லை. வந்ததும் ரேடியோவைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறார். ஒரு வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். நாள் முழுக்க என்னோடு பேசுவது லீனோ மட்டும்தான்.

உன்
லிந்தா


மூன்றாம் வரிசை
10 ஜூலை 1966

அடியே லிந்தா,

நேர்ச்சையா? வாயில் நல்லா வருது! ஒன்றரை மாதம் பதில் எழுதாமலிருந்தது அந்தக் கோபத்தில்தான். பிறகு நீ தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தேன், கோபம் போய்விட்டது. முழுசாகப் போகவில்லை, பாதி போய்விட்டது.

ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள், சுரங்கம் விடுமுறை. சடங்கை என் வீட்டிலேயே வைத்துக்கொள்வோம். மேலே காலடி வைக்க மாட்டேன் என்கிறார் நிகானோர். "பையனுக்காகச் சும்மா இருக்கேன், எவாரிஸ்தோவைக் கண்டா பேச மாட்டேன்" என்கிறார். பேசாவிட்டால் போகட்டும், சாப்பிட்டால் சரி. சோள மதுவுக்குச் சொல்லியாகிவிட்டது. கத்தரியில் கட்டச் சிவப்பு நாடா வாங்கிவிட்டேன். நாற்பது பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பசீலியாகூட வருகிறாள்.

விளையாட்டை விட்டு ஒன்று சொல்கிறேன். நான் இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்தவள். இனி எனக்குப் பிள்ளை இல்லையென்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் முடியை வெட்டுகிறவள் சாகிற வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தாய். என்னை ஒரு பிள்ளை உரிமையோடு அம்மா என்று கூப்பிட வேண்டுமென்றால் அது உன் லீனோ மட்டும்தான். அந்த நாளைத்தான் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறேன். உன் வீட்டுக்காரர் குறுக்கே நின்றால் நீ பையனைத் தூக்கிக்கொண்டு ஓடி வா.

கசி


மேல் முகாம்
5 ஆகஸ்ட் 1966

கசி,

எப்படி எழுதுவேன்? எழுதாமல் எப்படி இருப்பேன்?

நேற்று வியாழன். லீனோ கேக்கைத் தின்றுவிட்டு ஜாம் கையை முடியில் துடைத்துக்கொண்டான். சடை ஒட்டிக்கொண்டு சிக்காகிவிட்டது. எல்வீரா அம்மாள் அவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "ஐயோ பாவம், குழந்தைக்குக் கண்ணே தெரியல. நேர்ச்சை போதும்னு மாதாவே சொல்லிடுவா. வெட்டிடட்டுமா?" என்றாள். தையல் கூடையிலிருந்து கத்தரியை எடுத்து, கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"உங்க இஷ்டம்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இரண்டு சடையும் தரையில் விழுந்தன. நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலைக்காரி கூட்ட வந்தபோதுதான் மண்டியிட்டுப் பொறுக்கினேன். ஏதோ தலைமுடியைப் பொறுக்குகிறாள் என்று ஒருத்தி சிரித்தாள்.

எவாரிஸ்தோவுக்குத் தலைகால் புரியவில்லை. "சூப்பிரண்டு சம்சாரமே நம்ம பையனுக்கு ஞானத்தாய்! யாருக்குடி கிடைக்கும்?" என்று சாயங்காலமே ஒரு வான்கோழியும் ஒரு புட்டி மதுவும் வாங்கிக்கொண்டு, புதுச் சட்டை போட்டு, உறவு கொண்டாடப் போனார். அரை மணியில் திரும்பி வந்தார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லையாம். "எதுக்குய்யா இதெல்லாம்? லஞ்சமா?" என்று சூப்பிரண்டு வாசலிலேயே நிறுத்திக் கேட்டாராம். வான்கோழியைச் சமையல்காரன் வாங்கிக்கொண்டானாம். அவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே படுத்துவிட்டார். அவரையும் என்னால் திட்ட முடியவில்லை.

முடி மறுபடி வளரும். வளர்ந்ததும் நீ வெட்டு, கசி. யாருக்கும் தெரிய வேண்டாம். உன் காலில் விழுகிறேன்.

லிந்தா


மூன்றாம் வரிசை
7 ஆகஸ்ட் 1966

லிந்தா,

முதல் முடி ஒரு தடவைதான். இது உனக்கும் தெரியும்.

கத்தரி அவள் கையில் இருந்தது, வாய் உன்னிடம் இருந்தது. அவள் உன்னைக் கேட்டாளே! பறித்துக்கொண்டு போயிருந்தால் நான் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

வெட்டியதற்கு மேல் ஒரு பாவம் நடந்திருக்கிறது. உன் பையனுக்கு ஒரு தாய் வந்திருக்கிறாள், தான் தாய் என்று அவளுக்கே தெரியாது. நாளைக்கு அவனுக்கு ஒன்றென்றால் அவன் யார் வாசலில் போய் நிற்பான்? அவளிடம் போய்ச் சொல். என்ன செய்தாள், யாருடையதை எடுத்தாள் என்று எல்லோர் முன்னாலும் சொல். அந்த வீட்டில் மூடிய வாயை அந்த வீட்டிலேயே திற.

நாற்பது பேரிடமும் சடங்கு இல்லையென்று நானே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். பையனுக்குக் காய்ச்சல் என்றேன். நானும் பொய் சொன்னேன், பார்.

கசில்டா


மேல் முகாம்
12 ஆகஸ்ட் 1966

என் கசி,

சொல்லிவிட்டேன்.

நேற்று தேநீர் ஊற்றும்போதே எழுந்து நின்றேன். "அம்மா, நேர்ச்சைன்னு சொன்னது பொய். எங்க ஊர்ல முதல் முடி வெட்டுறவங்கதான் பிள்ளைக்கு இன்னொரு தாய். அது கீழ் முகாம்ல இருக்கிற என் சிநேகிதி கசில்டாவோடது. இவன் பிறந்தப்ப கையில வாங்கினவ. உங்களுக்குப் பயந்துக்கிட்டு அவளோடத எடுத்து உங்களுக்குக் கொடுத்துட்டேன்" என்றேன். உன் பேரைச் சத்தமாகச் சொன்னேன். எல்வீரா அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா, நான் வெட்டியிருக்கவே மாட்டேனே" என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

இனி அங்கே என்னைக் கூப்பிட மாட்டார்கள். எவாரிஸ்தோ என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். வேலை போய்விடும் என்று பயப்படுகிறார். எனக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய வீட்டில், நீ என்னை மன்னிப்பாயா என்ற ஒரு நினைப்போடு அறை அறையாக நடக்கிறேன்.

திங்கட்கிழமை திருநாளன்று பையனைக் கூட்டிக்கொண்டு உன் வாசலுக்கு வருகிறேன். சடங்கு வேண்டாம். அவன் உன்னைப் பார்க்கட்டும், அது போதும். தினமும் "கசிம்மா எங்கே?" என்று கேட்கிறான்.

உன்
லிந்தா


மூன்றாம் வரிசை
13 ஆகஸ்ட் 1966

லிந்தா,

நீ எழுந்து நின்று பேசியதைத் தோமாசா வந்து சொன்னாள். அந்த வீட்டு வேலைக்காரி அவளிடம் சொன்னாளாம். குழாயடி முழுக்க அதுதான் பேச்சு. பசீலியா உன்னை மெச்சினாள். எனக்கும் சந்தோஷம்தான். உன்மேல் கோபம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

ஆனால் திங்கட்கிழமை வராதே. அன்று பசீலியாவின் மகளுக்கு முதல் முடி வெட்டுகிறார்கள், என்னைக் கேட்டார்கள், சரி என்றேன். சின்னப் பிள்ளை, முழங்கால் உயரம், வாயில் எப்போதும் விரல். என்னிடம் இன்னும் ஒட்டவில்லை, ஒட்டிவிடும். அவளுக்கு நான் முழு மனசோடு தாயாக இருக்க வேண்டும். லீனோ வந்தால் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு என்னிடம் ஓடி வருவான், நான் தூக்கிக்கொள்வேன். தூக்கிவிட்டேன் என்றால் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் மிஞ்சாது.

அதற்குப் பிறகும் வர வேண்டாம், லிந்தா. கடிதமும் வேண்டாம். தோமாசாவிடம் சொல்லிவிட்டேன்.

நான் எங்கே என்று லீனோ கேட்டால் ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல், கொஞ்ச நாளில் மறந்துவிடுவான். முடி வெட்டின தலைக்கு இந்த ஊர்க் குளிர் ஆகாது. குல்லா போடாமல் வெளியே விடாதே.

கசில்டா