வெள்ளிக்கிழமை டேப்

மச்சி,

உன் வெள்ளிக்கிழமை டேப் என் மேசைமேல் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் இன்னும் உன் அத்தர் வாசனை. நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது; வாசனைக்கு அது தெரியவில்லை.

நம் சண்டை நினைவிருக்கிறதா? ஈக்காட்டுத்தாங்கல் ஆபீசில் ஒரே நாளில் சேர்ந்தோம், ஒரே மருந்து விநியோகக் கம்பெனியின் சர்வரைப் பார்த்துக்கொண்டோம். தினமும் டேட்டாவை டேப்பில் நகலெடுக்கும் பேக்கப் ஒரு மணி நேரம் சீக்கிரம் முடியட்டும் என்று, இண்டெக்ஸைச் சேமிக்கவா என்று கேட்கும் இடத்தில் நான் 'வேண்டாம்' போட்டேன். எந்த மருந்து எங்கே என்று தேடிக் கொடுக்கும் பட்டியல்தானே இண்டெக்ஸ், டேட்டா இருந்தால் மெஷினே கட்டிக்கொள்ளும் என்றேன். கட்ட எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுவிட்டு நீ சொன்னாய்:

"டேப்பு இன்னொரு மணி நேரம் ஓடுனா ஓடட்டுமே மச்சி. நீ இன்னா பின்னாடி நின்னு தள்ளிக்கினா கீற?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது என் பொறுப்பு என்று குரலை உயர்த்தினேன். நீ விட்டுவிட்டாய் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் டேப் உன்னுடையது. ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும்போது அதை ஓட்டிவிட்டுப் போவாய். சைதாப்பேட்டையிலிருந்து உனக்குப் பிரியாணியும் எனக்குத் தயிர்சாதமும் வாங்கிக்கொண்டு நீ திரும்பும்போது முடிந்திருக்கும். மற்ற நாளைவிட ஒரு மணி நேரம் கூடுதல். சாப்பாட்டுக்காக இழுக்கிறாய் என்று உன்னைக் கிண்டல் செய்தேன், நீயும் ஆமாம் என்றாய். நீ போன பிறகும் நீ வைத்த கட்டளைப்படியே ஓட்டிவந்தேன். ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தால் சுவர்க் கடிகாரத்தைக்கூடக் கழற்றிப் பார்க்கிறவன், இதை மட்டும் எப்படித் திறந்து பார்க்காமல் இருந்தேன்?

போன வெள்ளி மாலை சர்வரின் டிஸ்க் கெட்டுப்போய்விட்டது. சனிக்கிழமை காலை புது டிஸ்க் மாட்டி, உன் டேப்பிலிருந்து டேட்டாவைத் திரும்ப ஏற்ற ரீஸ்டோர் போட்டேன். அடையாற்றிலிருந்து ஒரு மருந்துக் கடைக்காரர், இன்சுலின் நாலு பாட்டில்தான் மிச்சம் என்று மூன்று முறை ஃபோன் செய்துவிட்டார். டேட்டா வந்தாலும் இண்டெக்ஸ் கட்டி முடிக்கச் சாயங்காலமாகும், அதுவரை ஒரு பில்கூடப் போட முடியாது. 'வேண்டாம்' போட்டவன் நான், மச்சி.

ரீஸ்டோர் முடிந்ததும், இன்னும் கட்ட வேண்டிய இண்டெக்ஸ்களின் பட்டியலைத் திறந்தேன். காலியாக இருந்தது. தப்பான திரையோ என்று மறுபடி திறந்தேன். அதுவும் காலி; கட்ட எதுவுமே பாக்கியில்லை. பத்து மணிக்கு முன்னால் அடையாறு பில் வெளியே வந்துவிட்டது.

நம்ப முடியாமல் டேப்பை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் உன் பொடி எழுத்து: "இதுல இண்டெக்ஸும் கீது."

ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொன்னால் மறுபடி கத்துவேன் என்றா? ஒருநாள் நானே திருப்பிப் பார்ப்பேன் என்று காத்திருந்தாயா? உன்மேல் கோபமாகக்கூட வந்தது. கேட்க நீ இல்லை என்பதுதான் அந்தக் கோபம்.

மற்ற ஐந்து நாளுக்கும் 'வேண்டும்' என்று மாற்றிவிட்டேன். ஐந்து டேப்பையும் கவிழ்த்துப் போட்டு, உன் வரியை அப்படியே எழுதினேன்.

இன்று வெள்ளிக்கிழமை. தொழுகை நேரத்துக்கு டேப்பை ஓட்டிவிட்டு சைதாப்பேட்டைக்குச் சாப்பிடப் போனேன். பின்னால் நின்று தள்ளவில்லை.