டிரைவரின் மச்சான்

மார்ச் 3
உறுதியானது: டிரைவர் தன் கட்சி போட்டியிடும் இரண்டு தொகுதிகளில் ஒன்றை மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். சொன்னவர் கட்சிப் பொருளாளர். அச்சகத்தில் போஸ்டரையும் பார்த்தேன். மச்சானின் முகம் டிரைவர் முகத்தைவிடப் பெரிது.

வாரிசு அரசியல் வேண்டாம் என்று தொடங்கிய கட்சி. இப்போதைய அமைச்சருக்கு முன் அவர் அப்பா, அதற்கு முன் தாத்தா. மூவரின் கார் வரிசைக்கும் இந்த ஊர் ஓரமாக நின்று வழிவிட்டது. போன வருடம் ஒரு டவுன்பஸ் டிரைவர் மட்டும் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகளும் சேர்ந்துகொண்டன. என் தம்பியின் வேனும் அதில் ஒன்று. அன்று வேலை போன டிரைவர்தான் இன்று தலைவர்.

மார்ச் 4
டிரைவருக்கு போன் செய்தேன்.

"மச்சான்ங்கறதுக்காக இல்லக்கா. பையனுக்குத் திறமை இருக்கு."

அமைச்சரை முதன்முதலில் மேடையேற்றியபோது அவர் அப்பா என்னிடம் சொன்னதும் இதேதான். மகன் மட்டும் மச்சானாகியிருக்கிறான்.

"உங்களுக்காக இத்தனை பேர் அடி வாங்கினாங்களே, அவங்கள்ல யாருக்கும் திறமை இல்லையா?"

வைத்துவிட்டார்.

மாலை தம்பி வந்தான். அதற்குள் அவன் காதுக்கு எட்டிவிட்டது.

"தேர்தல் முடியட்டும்க்கா. அப்புறம் என்ன வேணா எழுது."

"முடிஞ்சப்புறம் எழுதினா அது செய்தி இல்லடா, ஒப்பாரி."

"அப்போ அமைச்சரே ஜெயிக்கட்டும்ங்கறியா? நாங்க ஜெயில்ல கிடந்தது இதுக்கா?"

டீயைத் தொடாமல் போய்விட்டான். போகட்டும். அந்தக் குடும்பம் ஜெயிக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா? இவங்க அவங்களா மாறுறதைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா? முடியாது.

மார்ச் 5
வந்துவிட்டது. முதல் பக்கம், என் பெயரோடு.

மார்ச் 6
ஆபீஸ் சுவரில் 'விலைபோனவள்' என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது.

அமைச்சரின் உதவியாளர் கூப்பிட்டு, "ரொம்ப நன்றி மேடம்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை உங்க மூணு தலைமுறையைப் பத்தியும் வருது. அன்னிக்கும் மறக்காம கூப்பிட்டு நன்றி சொல்லுங்க."

தம்பி போனை எடுக்கவில்லை.

மார்ச் 7
இன்றும் எடுக்கவில்லை.

மார்ச் 9
கட்சி அலுவலகத் தெரு. டிரைவரின் கார் வந்தது, பக்கத்தில் மச்சான். எங்கோ ஒரு ஹாரன். பிறகு இன்னொன்று. பிறகு தெரு முழுக்க.

வரவேற்பு என்று நினைத்து டிரைவர் இறங்கிக் கையசைத்தார். சத்தம் நிற்கவில்லை. கை மெல்லக் கீழே வந்தது. அந்தச் சத்தத்தின் அர்த்தம் அவருக்குத் தெரியாதா என்ன?

வண்டி வரிசையில் முதலாவதாக நின்றது தம்பியின் வேன். என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. ஹாரனிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

பொருளாளர் உறுதிப்படுத்தியது: மச்சான் நிற்பதா வேண்டாமா என்று உறுப்பினர்களே ஓட்டுப் போடுகிறார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, முடிவு மாலைக்குள். டிரைவர் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டார். தம்பி எப்போது பேசுவான் என்பது பற்றி இதுவரை தகவல் இல்லை.