புளி போட்டு விளக்கிய பத்துக் காசுகள்

என்னோடு கூடப்பிறந்த செல்லம்மா அக்காவுக்கு, நீ இருக்கும் இடம் தேடி,

நல்ல செய்தி ஒன்றை வைத்துக்கொண்டுதான் உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். செய்தி வந்தது. உன் மகள் பொன்னிக்குக் கண் தெளிந்துவிட்டது. பீளை இல்லை, சிவப்பு இல்லை. அடுத்த லயத்து வீட்டுக் கோழிக்குஞ்சைக்கூட இங்கிருந்தே விரட்டுகிறாள். அதோடு நிறுத்திக்கொள்ள எனக்குக் கொடுத்துவைக்கவில்லை அக்கா. அத்தான் மலாக்கா லாக்கப்பில் இருக்கிறார். கள்ளக் காசு மாற்றினார் என்று பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

எந்தக் காசு தெரியுமா? பிள்ளையின் கண்ணுக்காக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மஞ்சள் துணியில் நீ முடிந்து வைத்த பத்துக் காசுகள். வெள்ளிக்கிழமைதோறும் முடிச்சை அவிழ்த்து, குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாயே. கண்டவர் கை பட்டதை அப்படியே அம்மாள் முன்னால் வைக்கக் கூடாது என்பாய். பொன்னி பிறந்த நாளிலிருந்து நீ கண்ணை மூடும் வரை தேய்த்தாய்.

உன் வேண்டுதலை முடிக்கத்தான் அத்தான் டவுனுக்குப் போனார். பூசைச் சாமான் கடையில் வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடி கேட்டு, முடிச்சில் பாதியை எடுத்து நீட்டியிருக்கிறார். அந்தக் கடைக்காரர் கொஞ்ச நாளைக்கு முன்புதான் முலாம் பூசிய காசை வாங்கி ஏமாந்தவராம். காசில் இருக்கிற ராஜாவின் கன்னத்தில் செம்பு நிறம் தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அதில் ஒரு காசுக்கு அச்சு ஒரு பக்கமாய் நகர்ந்து, எழுத்து பாதி வெட்டுப்பட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு கேட்கவா வேண்டும்? ஆள் அனுப்பி மாத்தா போலீஸைக் கூட்டிவந்து விலங்கு மாட்ட வைத்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தான் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "காமு, அது நல்ல காசுதானே? உங்கக்கா கை பட்டதாச்சே."

ஆமாம் அத்தான் என்றேன். தெரிந்து சொல்லவில்லை. வேறு என்ன சொல்ல முடியும்?

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஐயாவிடம் ஓடினேன். வழக்கு முடிவதற்குள் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாய் வலித்தது.

பிறகு மிச்ச முடிச்சை எடுத்துக்கொண்டு டவுனில் நகை செய்யும் ஆசாரியண்ணனிடம் போனேன். நமக்குத் தோடு செய்து கொடுத்தாரே, அவர்தான். மேலாக இருந்த ஒரு காசை எடுத்துக் கல்லில் உரசிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ராசா காசுதான் தங்கச்சி. சண்டைக் காலத்துல வெள்ளியக் கொறச்சு அடிச்சாங்க. மேல மட்டும் வெள்ளையா இருக்கும். உங்கக்கா அந்தத் தோலத் தேய்ச்சே தீத்துட்டா."

அச்சு நகர்ந்த காசைப் பற்றியும் கேட்டேன். அது அடிக்கிற இடத்திலேயே நடக்கிற பிசகு, கள்ளக் காசு வார்க்கிறவன் கோணல் காசைத் தேடிப் பிடித்தா அச்சுக்கு மாதிரியாக வைப்பான் என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. இதை அப்படியே கோர்ட்டில் வந்து சொல்லுங்கள் அண்ணே என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஆசாரி போயி காசப் பத்திப் பேசினா, அடிச்சவனே இவன்தான்னு உள்ள தள்ளிருவாங்க. என்ன விட்டுரு."

கோபம் வந்தது. ஆனாலும் அவர் பயத்தில் பொய் இல்லை, அக்கா.

வீட்டுக்கு வந்து முற்றத்து வெயிலில் துணியை விரித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய நாளிலே ஒவ்வொரு எழுத்தையும் எப்படி உற்றுப் பார்த்தேனோ, அப்படி ஒவ்வொரு காசாய்ப் பார்த்தேன். கன்னத்திலும் கிரீடத்து நுனியிலும் சிவப்பு மெல்லப் படர்ந்து வெள்ளையில் கரைந்திருந்தது. எழுத்தெல்லாம் கூர்மை. ஓரத்துக் கோடுகள் நகத்தில் தட்டுப்பட்டன. அம்மாளே நீ இருக்கிறாய் என்று கண்ணில் ஒற்றி ஒற்றி வைத்தேன்.

அப்போதுதான் அது கையில் வந்தது. ராஜாவின் காதுக்குக் கீழே அம்மைக் கொப்புளம் மாதிரி ஒரு புடைப்பு. ஊசி நுனியால் தொட்டேன். வெள்ளைத் தோல் செதிலாய் உரிந்து வந்தது. உள்ளே பச்சைக் களிம்பேறிய செம்பு. எழுத்துகள் உருகிய மெழுகாய் மழுங்கிக் கிடந்தன. ஓரத்துக் கோடு பாதியில் காணாமல் போயிருந்தது.

யார் அக்கா இதை உன்னிடம் தள்ளியது? முட்டை வாங்க வந்தவர்களா? சந்தையில் மீதி கொடுத்தவர்களா? மற்றதைப் போலவே இதையும் தேய்த்து, பொட்டு வைத்து, கும்பிட்டாயே. அம்மாளுக்கும் தெரியவில்லையா? தெரிந்தும் பேசாமல் இருந்தாளா?

பக்கத்து வீட்டு முனியம்மா அத்தை எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஆத்துல விட்டெறிஞ்சிட்டு வாய மூடிக்கிட்டு இரு. ஒன்னு கள்ளம்னா எல்லாமே கள்ளம்பானுங்க" என்றார். அதுவும் நியாயம்தானே? எல்லாக் காசையும் முந்தானையில் முடிந்துகொண்டு ஆற்றங்கரை வரை போனேன். மாரியம்மனைக் கூப்பிட்டேன், உன்னைக் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை.

கையை ஓங்கும் முன், கடைசியாக ஒரு முறை நல்ல காசு ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தேய்ந்து சிவந்தது ஒன்று, தோல் உரிந்து பச்சை காட்டியது ஒன்று. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, பாஷை தெரியாத கோர்ட்டுத் துரைக்குக்கூட வித்தியாசம் தெரியும். நல்லதை மட்டும் கொண்டுபோனால் என் வாய்ச் சொல்லை யார் நம்புவார்கள்? அத்தான் கொடுத்த காசில் கடைக்காரர் கண்டது சிவப்பைத்தான், உரிகிற தோலை அல்ல என்று காட்ட, உரிகிற ஒன்று என் கையில் இருக்க வேண்டும்.

இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்பார்கள். என்னையும் உள்ளே போட்டால் பொன்னியைப் பார்த்துக்கொள்ளும்படி முனியம்மா அத்தையிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டிக்கொண்டேதான் சரி என்றார்.

நாளைக்குக் கோர்ட்டு. துரை கேட்டால், இரண்டும் என் அக்காவின் முடிச்சில் இருந்தவை என்று உன் பேரைச் சொல்லியே நீட்டுவேன். எதையும் ஒளித்துவைத்து உன் புருஷனை மீட்கமாட்டேன். மீட்காமலும் திரும்பமாட்டேன், அக்கா.

உன் பின்னால் பிறந்து, இப்போது உன் மகளுக்கு அம்மாவாய் இருக்கும்
தங்கை காமாட்சி